ஓடிபியே வரல, ஆனா "நீங்கதான் ஓகே பண்ணீங்க"ன்னு பேங்க் சொல்லுது. இனி என்ன வழி?

கோவில்பட்டிக்காரன் · 23 பிப்ரவரி 2025

வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்கிட்ட ஒரு தனியார் வங்கி கிரெடிட் கார்டு இருக்கு. விசா, லிமிட் மூணு லட்சம். டிசம்பர் முதல் வாரம், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல அதுல மூணு டிரான்சாக்ஷன் ஓடியிருக்கு. மொதல்ல ஒரே ஒரு டாலர். அடுத்து 349 டாலர். அதுக்குப் பின்னாடியே இன்னொரு 349. ஏதோ வெளிநாட்டு கேம் கிரெடிட் விக்கிற சைட்டு, அந்தப் பேரையே நான் கேள்விப்பட்டதில்ல. ஓடிபி எதுவும் வரல. காசு போச்சுங்கிற எஸ்எம்எஸ் மட்டும் வரிசையா வந்து கிடந்துச்சு. காலைல எந்திரிச்சுத்தான் பாத்தேன். மார்க்-அப், வரி எல்லாம் சேர்த்து 61 ஆயிரத்துச் சொச்சம்.

உடனே கஸ்டமர் கேர். தமிழுக்கு மூணை அமுக்கச் சொன்னான், அமுக்கினேன், லைன்ல வந்தவர் இந்தில பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி "ஓடிபி யாருக்காவது கொடுத்தீங்களா சார்?" வரவே இல்லைன்னு சொன்னா, அதையே திருப்பித் திருப்பிக் கேக்கறார். ஒருவழியா கார்டை பிளாக் பண்ணி, டிஸ்ப்யூட் ஃபார்ம் மெயில்ல அனுப்பினேன். சில நாள்ல மொத்தத் தொகையும் 'டெம்பரரி கிரெடிட்'னு கணக்குல வந்துச்சு.

ஜனவரி ஸ்டேட்மென்ட்ல அதைத் திரும்ப எடுத்துட்டாங்க. டிசம்பர்ல இருந்தே வட்டி, அதுக்கு ஜிஎஸ்டி. நான் கட்டல. இப்ப வந்த ஸ்டேட்மென்ட்ல லேட் ஃபீயும் சேர்ந்து, அசல் போக ஏழாயிரத்துக்கு மேல ஏறியிருக்கு. காரணம் கேட்டா ரெண்டு வரில ஒரு மெயில்: விசாரிச்சதுல டிரான்சாக்ஷன் எல்லாம் முறையா அங்கீகரிக்கப்பட்டதாம், புகாரை முடிச்சாச்சாம். பிராஞ்சுக்குப் போனா "கார்டு டிவிஷன் தனி சார், எங்களுக்கு ஸ்க்ரீன்லயே தெரியாது"ங்கிறாங்க. இப்ப வசூல் ஆளுங்க எங்க ஆபீஸ் ரிசப்ஷனுக்கு போன் பண்ணி "உங்க ஸ்டாஃப் பணம் கட்டாம ஓடிட்டிருக்கார்"ங்கிறான்.

ஆவடில வீட்டு லோன் ப்ராசஸ்ல இருக்கு. சிபில் ஸ்கோர் அடிபட்டா அது போச்சு. பேசாம கட்டித் தொலைச்சிடலாமா?

நெறியாளர் · 23 பிப்ரவரி

வங்கியின் பெயரையும் கார்டின் கடைசி நாலு எண்ணையும் பதிவிலிருந்து நீக்கியிருக்கிறேன். மற்றவர்களும் பெயர் போடாமல் பேசவும். ஸ்டேட்மென்ட் ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.

கேள்விக்குறி · 23 பிப்ரவரி

தப்பா எடுத்துக்காதீங்க, இந்தியாவுல ஓடிபி இல்லாம ஆன்லைன்ல பத்து பைசா எடுக்க முடியாது. எங்கயோ ஒரு லிங்க்கை அமுக்கியிருப்பீங்க, மறந்திருப்பீங்க. இன்டர்நேஷனல் ஏன் ஆன்ல இருந்துச்சு?

கோவில்பட்டிக்காரன் · 23 பிப்ரவரி

போன வருஷம் சிங்கப்பூர் போனப்ப ஆன் பண்ணது. எந்த லிங்க்கையும் அமுக்கல நண்பரே.

சுவிட்ச்_பின்கட்டு · 24 பிப்ரவரி

கேள்விக்குறி, நீங்க சொல்றது பாதிதான் சரி. நான் பேமென்ட் கம்பெனில வேலை பாக்கறவன், விளக்கிடறேன்.

ஓடிபி கட்டாயம்ங்கிறது ரிசர்வ் வங்கி இந்தியாவுக்குள்ள நடக்கிற ஆன்லைன் செலவுக்குப் போட்ட விதி. வெளிநாட்டுக் கடைக்காரனை அது கட்டாது. அவன் இஷ்டப்பட்டா ஓடிபி பக்கத்துக்கு அனுப்புவான், இல்லைன்னா நம்பர், எக்ஸ்பயரி, சிவிவி போதும்னு விட்டுடுவான். சில சைட்டுல சிவிவிகூட கேக்கறதில்ல. இந்த ஓட்டை இருக்குன்னு ரிசர்வ் வங்கிக்கே தெரியும். அதனாலதான் 2020 மார்ச்சுக்குப் பிறகு தர்ற புதுக் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆஃப்லதான் தரணும்னு சுத்தறிக்கை வந்தது. இந்த மாசம் 7-ஆம் தேதி பணக்கொள்கை அறிவிப்புலகூட வெளிநாட்டு ஆன்லைன் செலவுக்கும் இரண்டாம் கட்ட சரிபார்ப்பு கொண்டுவரப் போறோம்னு சொல்லியிருக்காங்க. அறிவிப்புதான், இன்னும் நடைமுறைக்கு வரல.

அந்த ஒரு டாலர் இருக்கே, அதுதான் அடையாளம். கார்டு நம்பரோட முன்பகுதி எந்த பேங்க், எந்த வகைக் கார்டுன்னு காட்டும். மிச்சத்தை மெஷின் வச்சு மாத்தி மாத்திப் போட்டுப் பாப்பான். ஒரு டாலர் பாஸ் ஆச்சுன்னா கார்டு உயிரோட இருக்குன்னு அர்த்தம், அடுத்து பெருசா அடிப்பான். இதுக்கு நீங்க எந்த லிங்க்கையும் தொட வேண்டியதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு, அதுவரைக்கும் போகாத ஒரு சைட்டுல, ஒரு டாலருக்குப் பின்னாடியே ரெண்டு 349 வந்தா பேங்க்கோட கண்காணிப்பு சிஸ்டம்தான் முழிச்சுக்கணும்.

இப்ப முக்கியமான விஷயம். ஒவ்வொரு ஆன்லைன் டிரான்சாக்ஷனுக்கும் லாக்ல ஈசிஐன்னு ஒரு ரெண்டு இலக்க எண் இருக்கும். விசாவுல 05 இருந்தா ஓடிபி மாதிரி சரிபார்ப்பு முழுசா நடந்துச்சு. 06ன்னா முயற்சி பண்ணாங்க. 07ன்னா சரிபார்ப்பே இல்ல. மாஸ்டர்கார்டுல இதே வரிசை 02, 01, 00. பேங்க் "முறையா அங்கீகரிக்கப்பட்டது"ன்னு எழுதுதுல்ல, அந்த எண் என்னன்னு கேளுங்க. 07ஆ இருந்தா இன்னொரு சங்கதியும் இருக்கு: சரிபார்ப்பு இல்லாம பொருளைக் கொடுத்த நஷ்டம் பொதுவா கடைக்காரன் பக்கம்தான் விழும். உங்க பேங்க் சார்ஜ்பேக் போட்டா காசு அங்க இருந்து திரும்பும். அதுக்குப் பொதுவா 120 நாள் கெடு. டிசம்பர் முதல் வாரம்னா ஏப்ரல் ஆரம்பத்துல முடிஞ்சிரும்.

ஆக பேங்க் கைக்காசு போடக்கூடத் தேவையில்ல. சோம்பல்தான்.

பழைய_காசாளர் · 24 பிப்ரவரி

தம்பி, பொதுத்துறை வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதுதான் அதன் பொருள். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ கசிந்தது என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலைநாட்களுக்குள் சொன்னால் பொறுப்பு பூஜ்யம். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் ரூ. 10,000, அதற்கு மேல் லிமிட் உள்ள கார்டுக்கு ரூ. 25,000. அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. நீ அன்று காலையிலேயே சொல்லிவிட்டாய். பொறுப்பு பூஜ்யம்.

அடுத்தது இன்னும் முக்கியம். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. "நீங்கள் ஓடிபி கொடுக்கவில்லை என்று நிரூபியுங்கள்" என்று உன்னிடம் கேட்க முடியாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆனில் வைத்திருப்பது அலட்சியம் ஆகாது. அது வங்கியே கொடுத்திருக்கும் வசதி.

பத்து வேலைநாளுக்குள் தொகையை வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும், கிரெடிட் கார்டு என்றால் வாடிக்கையாளர் மேல் கூடுதல் வட்டி விழக் கூடாது. எல்லாம் அதில் இருக்கிறது. போதாததற்கு 2022 ஏப்ரலில் வந்த கார்டு விதிமுறைகளும், மோசடி என்று புகார் சொன்ன பரிவர்த்தனைக்குப் புகார் தீரும்வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது என்கின்றன.

டெம்பரரி கிரெடிட் கொடுத்தது உனக்குச் செய்த தயவு அல்ல. அது விதி.

கேள்விக்குறி · 24 பிப்ரவரி

வெளிநாட்டு சைட் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா விதி பேப்பர்ல இருக்கு, பேங்க் மதிக்கலியே? 42 பெர்சென்ட் வட்டி போடறான், அதுக்கே கேள்வி கேக்க ஆளில்ல.

பழைய_காசாளர் · 24 பிப்ரவரி

வட்டி விகிதத்தில் கேட்க முடியாதுதான். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை உச்ச நீதிமன்றம் போன டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எவ்வளவு சதவீதம் என்பது ஒன்று. நீ வாங்காத கடனுக்கு வட்டி என்பது வேறு.

ஹெட்செட் · 24 பிப்ரவரி

நான் ஒரு காலத்துல அந்தப் பக்கம் உக்காந்து போன் எடுத்தவன். பேங்க் ஸ்டாஃப்னு நினைக்காதீங்க, வெளி ஏஜென்சி. ஒரு காலை எவ்வளவு நேரத்துல முடிக்கிறோம்ங்கிறதுதான் எங்க மார்க். "ஓடிபி கொடுத்தீங்களா"ங்கிறது ஸ்க்ரிப்ட்ல இருக்கிற கேள்வி. பதிலை டிக் பண்ணாத்தான் அடுத்த ஸ்க்ரீன் திறக்கும். 'வரல'ன்னு ஒரு ஆப்ஷனே எங்க ஸ்க்ரீன்ல இல்ல. 'ஷேர் பண்ணார்', 'பண்ணல' ரெண்டுதான்.

இன்னொன்னு. "ரீஃபண்ட் வேணும்", "சார்ஜ் தப்பா இருக்கு"ன்னு கஸ்டமர் சொன்னா நாங்க பில்லிங் டிஸ்ப்யூட்னு போடுவோம், அது ஒரு டீம். "இந்த டிரான்சாக்ஷன் நான் பண்ணல, அன்ஆதரைஸ்டு"ன்னு சொன்னா ஃப்ராட் டீம். முதல் டீமுக்குப் போனா கடைக்காரன்கிட்ட பில் கேட்டு, அவன் ஏதாவது காகிதம் அனுப்பினா ஃபைலை மூடிடுவாங்க. கோவில்பட்டி அண்ணே, உங்க டிஸ்ப்யூட் ஃபார்ம்ல எந்தக் கட்டத்தை டிக் பண்ணச் சொன்னாங்க?

கோவில்பட்டிக்காரன் · 25 பிப்ரவரி

இப்பதான் எடுத்துப் பாத்தேன். ஃபார்ம்ல நான் 'நான் செய்யவில்லை'ன்னுதான் டிக் பண்ணியிருக்கேன். ஆனா அவங்க அனுப்பின புகார் நம்பர் மெயில்ல வகைன்னு போட்டிருக்கிற இடத்துல 'மெர்ச்சன்ட் டிஸ்ப்யூட்'னு இருக்கு.

ஹெட்செட் · 25 பிப்ரவரி

அங்கதான் விழுந்திருக்கு. அந்த மெயிலை பத்திரமா வையுங்க.

அரிசிமாவு · 25 பிப்ரவரி

எங்க அம்மா கேஸ் இதைவிடச் சிக்கல். ரிட்டயர்டு டீச்சர். ரிவார்டு பாயின்ட் இன்னியோட காலாவதி ஆகுதுன்னு போன். அம்மா பேரு, கார்டோட கடைசி நாலு நம்பர் எல்லாம் அவனே சொல்லியிருக்கான். வாட்ஸ்அப்புல ஒரு ஃபைல் அனுப்பி இன்ஸ்டால் பண்ணச் சொல்லியிருக்கான், அது மெசேஜை எல்லாம் அவனுக்குக் கடத்துற ஆப். முதல்ல 18 ஆயிரம் போச்சு. அம்மா பதறி என்னைக் கூப்பிட, நான் உடனே கஸ்டமர் கேருக்குப் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு பாட்டுப் போட்டுக் காத்திருக்க வச்சாங்க. அந்தப் பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே இன்னொரு 25 ஆயிரம் போச்சு.

பணத்தைவிட மனசு விட்டுப்போனது அடுத்த நாள். பிராஞ்ச்ல நாலு பேருக்கு முன்னாடி அந்த அதிகாரி "டீச்சர்ங்கிறீங்க, இதுகூடத் தெரியாதா?"ன்னு கேட்டுட்டார். அதுக்கப்புறம் அம்மா பென்ஷன் எடுக்கக்கூட பேங்க்குக்குப் போக மாட்டேங்கறாங்க. இதுல எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கா, இல்ல எல்லாம் எங்க தப்புதானா?

வாய்தா · 25 பிப்ரவரி

வக்கீல்தான், ஆனா இங்க ஃபீஸ் இல்ல.

அரிசிமாவு அக்கா, ரெண்டு தொகையையும் பிரிச்சுப் பாருங்க. வாடிக்கையாளர் அலட்சியம்னே வச்சுக்கிட்டாலும், வங்கிக்குத் தகவல் சொல்றவரைக்கும் உள்ள நஷ்டம்தான் அவர் தலைல. சொன்ன பிறகு போற ஒவ்வொரு ரூபாயும் வங்கி தலைல. இதுவும் அதே 2017 சுத்தறிக்கை. உங்க போன்ல கால் லாக் இருக்கும்: எத்தனை மணிக்கு லைன் கிடைச்சது, எவ்வளவு நேரம் பிடிச்சு வச்சாங்கன்னு. 25 ஆயிரம் போன எஸ்எம்எஸ் நேரத்தை அது பக்கத்துல வையுங்க. பாட்டுக் கேட்டுட்டு இருந்த நேரம் தகவல் சொன்ன நேரமாங்கிறதுல அவங்க வாதாடுவாங்க, நீங்க விடாதீங்க. 24 மணி நேரமும் புகார் சொல்ல வழி வைக்க வேண்டியது அவங்க கடமை. எஸ்எம்எஸ்ஸுக்கு 'ரிப்ளை' பண்ணியே புகார் சொல்ல வசதி இருக்கணும்னுகூட அதுல எழுதியிருக்கு. எத்தனை பேங்க் எஸ்எம்எஸ்ஸுக்கு நம்மால ரிப்ளை பண்ண முடியுது?

முதல் 18 ஆயிரமும் கைவிட்டுப் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. இந்த ஜனவரில உச்ச நீதிமன்றம் அஸ்ஸாம்காரர் ஒருத்தர் கேஸ்ல ஸ்டேட் பேங்க்கோட அப்பீலைத் தள்ளுபடி பண்ணுச்சு. தொகை 94 ஆயிரத்துச் சொச்சம். அவரும் மோசடிக்காரன் சொன்ன ஆப்பை இறக்கினவர்தான். ஆனா உடனே புகார் பண்ணியிருந்தார். பேங்க் தான் பொறுப்புன்னு கவுகாத்தி உயர் நீதிமன்றம் சொன்னது அப்படியே நின்னுச்சு. உங்க கேஸ் அதே மாதிரின்னு சொல்ல வரல, போராட இடம் இருக்குன்னு சொல்றேன்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டீங்களா? மோசடி நடந்த உடனே போட்டா, காசு வாலெட்ல கிஃப்ட் வவுச்சர்ல மாறுறதுக்குள்ள முடக்க வாய்ப்பு உண்டு.

அந்த அதிகாரி பேசினதையும் தேதி நேரத்தோட புகார்ல எழுதுங்க.

தறி · 26 பிப்ரவரி

நம்ம பக்கம் நடக்கறது வேற மாதிரிங்க. மாமா குமாரபாளையத்துல விசைத்தறி வச்சிருக்காரு. கரண்ட் அக்கவுண்ட் இருக்கற பேங்க்ல இருந்து ஒரு புள்ள வந்து, "சார் டார்கெட்டுங்க, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, ஃப்ரீ"ன்னு சொல்லிப்போட்டு வாங்கிட்டுப் போயிருக்கு. கார்டு தபால்ல வந்துது, மாமா பீரோவுல வச்சுட்டாரு, கவரைக்கூடப் பிரிக்கல. இப்ப வருசக் கட்டணம், இன்சூரன்ஸ்னு பில்லு வருது. ஏனுங், பிரிக்காத கார்டுக்குப் பில்லாங்க?

பழைய_காசாளர் · 26 பிப்ரவரி

கையெழுத்து எதற்குப் போட்டார் என்பதைப் பொறுத்தது. சம்மதம் இல்லாமல் கார்டு கொடுத்துப் பில் போட்டால், பில்லை ரத்து செய்வதோடு அதைப் போல் இரண்டு மடங்கை அபராதமாக வாடிக்கையாளருக்கே கொடுக்க வேண்டும் என்று 2022 விதி சொல்கிறது. கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலைக் கேட்கச் சொல்லுங்கள். அதோடு, முப்பது நாளுக்கு மேல் ஆக்டிவேட் செய்யாத கார்டுக்கு வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் செலவில்லாமல் கணக்கை மூட வேண்டும். இன்சூரன்ஸ் தனியாகத் திணித்தது; அதற்குத் தனிப் புகார்.

டார்கெட் என்று அந்தப் பெண் சொன்னது பொய்யாக இருக்காது. நாங்கள் வேலை பார்த்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. கவுன்டரில் இருக்கிறவனுக்குக் கார்டு விற்கத் தெரிய வேண்டும், விற்ற கார்டில் கோளாறு வந்தால் மட்டும் "அது வேற டிவிஷன்".

ஈஸ்ட்ஹாம் · 26 பிப்ரவரி

வாசிக்க வாசிக்கக் கோவம் வருது. நான் லண்டனில இருக்கிறன். இங்க போன வருசம் என்ர கார்டிலயும் இதே கூத்து, ஆரோ அமெரிக்காவில சப்பாத்து வாங்கிப் போட்டாங்கள். ஆப்பில "இது நான் இல்லை" எண்டு அமத்தினன். அடுத்த நாள் காசு திரும்பி வந்திட்டுது, ஒருத்தரோடயும் கதைக்கேல்லை.

வங்கிக்காரர் இங்க நல்லவை எண்டில்லை. சட்டம் அப்பிடி: நாங்கள் அனுமதி குடுக்காத கொடுப்பனவு எண்டு சொன்னால் அடுத்த வேலை நாள் முடியிறதுக்குள்ள திருப்பிப் போடவேணும், பிறகுதான் விசாரணை. எங்கட தலையில விழக்கூடியது கூடினது 35 பவுண்ஸ். ஏமாத்தினது நாங்கள்தான் எண்டால் அவையள்தான் காட்டவேணும். ஆனால் நாங்களே ஏமாந்து பாங்க் கணக்கில இருந்து காசு அனுப்பினால் இங்கயும் கன காலம் இழுபறிதான். போன ஒக்ரோபரில இருந்துதான் அதுக்கும் கட்டாயத் திருப்பிக் குடுப்பு வந்தது.

அந்தக் காசாளர் ஐயா சொன்னதப் பாத்தால் உங்கட விதியும் கிட்டத்தட்ட இதுதானே. பிறகேன் இப்பிடி?

சுவிட்ச்_பின்கட்டு · 26 பிப்ரவரி

ஏன்னா இங்க பத்து வேலைநாள்ல வரவு வச்சுட்டு அப்புறம் திரும்ப எடுத்தாலும், கஸ்டமர் பாதிப் பேர் கட்டிடுவாங்கன்னு தெரியும். வீட்டு லோன் இருக்கிறவன் நிச்சயம் கட்டுவான்.

கோவில்பட்டிக்காரன் · 26 பிப்ரவரி

அதேதான். மனைவியும் அதைத்தான் சொல்றா. "61 ஆயிரத்துக்காக 35 லட்சம் லோனை விடுவீங்களா?" கட்டிட்டுப் போராடலாமா, கட்டாமப் போராடலாமா? இதுக்கு மட்டும் ஒரு முடிவு சொல்லுங்க.

கேள்விக்குறி · 26 பிப்ரவரி

கட்டிடுங்க. சிபில் போனா வராது.

வாய்தா · 26 பிப்ரவரி

கட்டினா "ஒத்துக்கிட்டார்"னு எழுதுவாங்க. நீங்க நிஜமா செலவு பண்ணது இருக்குமே, பெட்ரோல், மளிகைன்னு, அதை ஒரு பைசா விடாம கெடுவுக்குள்ள கட்டுங்க. மோசடித் தொகையையும் அதோட வட்டியையும் கட்ட மாட்டேன், காரணம் இதுன்னு அன்னிக்கே மெயில் போடுங்க. பாக்கின்னு சிபில்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்கணும்னு விதி. கொடுத்தாங்களான்னு கேளுங்க.

லோன் உண்மையிலேயே கைவிட்டுப் போற நிலைமைன்னா, 'எதிர்ப்புடன் கட்டுகிறேன்'னு எழுதிட்டுக் கட்டுங்க. அது தப்பில்ல.

பழைய_காசாளர் · 27 பிப்ரவரி

நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் வீட்டு லோன் கொடுக்கும் வங்கியிடம் மறைக்காதே. புகார் நகலோடு நீயே போய்ச் சொல். அவர்களாகக் கண்டுபிடித்தால் அர்த்தம் மாறிவிடும்.

வசூல் ஆட்கள் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, மற்றவர்கள் முன் அவமானப்படுத்தக் கூடாது. ரிசப்ஷனில் அழைப்பை எடுத்தவர் யார், எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கி வை.

கோவில்பட்டிக்காரன் · 2 மார்ச்

பேங்க்ல புகாரைக் கவனிக்கிற நோடல் ஆபீசருக்கு இப்படி அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

"மேற்படி மூன்று பரிவர்த்தனைகளையும் நான் செய்யவில்லை, செய்ய யாருக்கும் அனுமதி தரவில்லை, இவற்றுக்காக எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை. எஸ்எம்எஸ் வந்த அன்று காலையிலேயே புகார் செய்தேன். எனது படிவத்தில் 'நான் செய்யவில்லை' என்று குறித்திருந்தும் தாங்கள் அதை 'மெர்ச்சன்ட் டிஸ்ப்யூட்' என்று பதிவு செய்துள்ளீர்கள். பரிவர்த்தனைகள் அங்கீகரிக்கப்பட்டவை என்கிறீர்கள். எனில் ஓடிபி எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது, ஒவ்வொன்றின் ஈசிஐ மதிப்பு என்ன, சார்ஜ்பேக் எழுப்பினீர்களா, எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். 6.7.2017 சுற்றறிக்கைப்படி நிரூபிக்கும் பொறுப்பு தங்களுடையது."

சுவிட்ச்_பின்கட்டு · 2 மார்ச்

அருமை. சார்ஜ்பேக் கெடு தவறினால் அந்த நஷ்டத்துக்கு நீங்களே பொறுப்புன்னு ஒரு வரி சேருங்க.

கோவில்பட்டிக்காரன் · 12 மார்ச்

பதில் வந்துச்சு. எதுக்கும் பதில் இல்ல. அதே ரெண்டு வரி, கீழ கையெழுத்துப் பேரு மட்டும் மாறியிருக்கு. அடுத்து ஓம்பட்ஸ்மேனா (ரிசர்வ் வங்கியோட குறைதீர் அதிகாரி), கன்ஸ்யூமர் கோர்ட்டா?

வாய்தா · 12 மார்ச்

முதல்ல ஓம்பட்ஸ்மேன். 2021 ஒருங்கிணைந்த திட்டத்துல ரிசர்வ் வங்கியோட சிஎம்எஸ் தளத்துலயே போடலாம், இல்லைன்னா சண்டிகர்ல இருக்கிற மையத்துக்குத் தபால். சந்தேகம்னா 14448-க்குப் போன் போடுங்க. காசு கிடையாது, வக்கீலும் கூடாது. வக்கீல் மூலமா போட்டா தள்ளிடுவாங்க, ஆக எனக்கு இதுல பிழைப்பு இல்ல. நஷ்டத்துக்கு 20 லட்சம் வரைக்கும், மன உளைச்சல், அலைச்சலுக்கு ஒரு லட்சம் வரைக்கும் உத்தரவு போட அதிகாரம் உண்டு. ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க, கேக்காம கொடுக்க மாட்டாங்க.

ஒரே நேரத்துல கோர்ட்டுக்கும் போகாதீங்க, வழக்கு நடந்தா ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அங்க சரியா வரலைன்னா அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், கொடுத்த தொகை அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல.

தறி · 30 மார்ச்

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கோணும். மாமா படிவம் நகல் கேட்டாருங்க. கேட்ட மறுவாரமே பில்லு மொத்தமும் கேன்சல், அந்தப் புள்ள வீட்டுக்கே வந்து சாரி சொல்லிட்டுப் போச்சு. ரெண்டு மடங்கு அபராதம் கேக்கலாம்னேன், "விடு, அது வேலை போயிரும்"னுட்டாரு.

கேள்விக்குறி · 30 மார்ச்

புள்ள வேலை போகாது. அதோட மேனேஜர் டார்கெட்தான் போகும். கேட்டிருக்கணும்.

அரிசிமாவு · 19 ஏப்ரல்

கால் லாக்கையும் எஸ்எம்எஸ் நேரத்தையும் பக்கம் பக்கமா வச்சு அனுப்பினேன். 25 ஆயிரம் திரும்ப வந்துருச்சு. 18 ஆயிரத்துக்கு 'வாடிக்கையாளர் அலட்சியம்'னு மறுத்துட்டாங்க, அதுக்கு ஓம்பட்ஸ்மேன்ல போட்டிருக்கேன். பிராஞ்ச் அதிகாரி பேசினதுக்கு "ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டது"ன்னு ஒரு வரி வந்திருக்கு. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அறிவுறுத்தல்ல ஒற்றுப்பிழை இருக்கு"ன்னாங்க.

கோவில்பட்டிக்காரன் · 14 ஜூன்

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும். ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் பேங்க்கிட்ட லாக் கேட்டாங்க. மூணுக்கும் ஈசிஐ 07. ஓடிபி எந்த எண்ணுக்கும் போகல. சார்ஜ்பேக் எப்ப போட்டாங்க தெரியுமா? என்னோட மார்ச் மெயிலுக்கு அடுத்த வாரம், அதுவரைக்கும் போடவே இல்ல. அங்க இருந்து பணம் அவங்களுக்கு வந்தே விட்டதாம். இருந்தும் எனக்கு எழுதினது "அங்கீகரிக்கப்பட்டது".

இப்ப தொகை, வட்டி, ஜிஎஸ்டி, லேட் ஃபீ எல்லாம் திரும்ப வந்துருச்சு. கூடவே ஒரு மெயில்: "நல்லெண்ண அடிப்படையில்" இதைச் செய்யறாங்களாம், முழுத் தீர்வா ஏத்துக்கிட்டதா கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்.

வீட்டு லோன் கிடைச்சது, ஆனா தாமதமா. அந்த இடைவெளில பில்டர் விலையைக் கொஞ்சம் ஏத்திட்டார். சிபில்ல இன்னும் 'ஓவர்டியூ'ன்னு நிக்குது.

பழைய_காசாளர் · 14 ஜூன்

கையெழுத்துப் போடாதே. பணம் வந்ததை மட்டும் ஒப்புக்கொண்டு, நல்லெண்ணம் என்ற சொல்லை ஏற்கவில்லை, இழப்பீட்டுக் கோரிக்கை நிற்கிறது என்று ஓம்பட்ஸ்மேனுக்கு நகலோடு எழுது.

சிபிலுக்குத் தனியாகத் திருத்தக் கோரிக்கை போடு. முப்பது நாளுக்குள் சரி செய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 உனக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறை.

கோவில்பட்டிக்காரன் · 28 ஜூன்

போட்டாச்சு ஐயா. இழப்பீடா பத்தாயிரம் தர பேங்க் ஒத்துக்கிட்டதா ஓம்பட்ஸ்மேன் அலுவலகத்துல இருந்து தகவல். கேட்டது அம்பதாயிரம். ஏத்துக்கிட்டேன், இனி அலைய முடியாது.

கார்டை மூடச் சொல்லி போன வாரம் எழுதினேன். இன்னிக்குக் காலைல போன்: "சார், நீங்க எங்க மதிப்புமிக்க வாடிக்கையாளர், லிமிட்டை அஞ்சு லட்சமா உயர்த்தித் தர்றோம், வச்சுக்கோங்க."

ஹெட்செட் · 28 ஜூன்

அது ரிடென்ஷன் டீம், போற கஸ்டமரைப் பிடிச்சு வைக்கிறதுதான் அவங்க வேலை. வேணாம்னு மூணு தடவை சொன்னாத்தான் அவங்க ஸ்க்ரீன்ல 'க்ளோஸ்' பட்டன் வரும். மூணு தடவை சொன்னீங்களா?

வாய்தா · 28 ஜூன்

பாக்கி இல்லைன்னா ஏழு வேலைநாள்ல மூடணும். தாண்டினா நாளுக்கு 500 ரூபாய் அவங்க உங்களுக்குக் கட்டணும். எழுதின தேதியைக் குறிச்சு வையுங்க.

கோவில்பட்டிக்காரன் · 28 ஜூன்

ரெண்டு தடவைதான் சொன்னேன், வச்சுட்டாங்க. குறிச்சாச்சு, திங்கட்கிழமையோட ஏழு வேலைநாள் முடியுது.